எதிராளி ஊரில் ஒரு சனிக்கிழமை

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கு இப்போது ஒரு பிள்ளையாவது அமெரிக்காவில் இருக்கிறது. ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறோம். திரும்பி வந்தபின் லேக் மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கும் நேரத்தில் யாராவது எதிர்ப்பட்டால், "எங்கெல்லாம் போனீர்கள்?" என்று ஒரு கேள்வி வரும். "நயாகரா, வாஷிங்டன், பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். நானும் இரண்டு தடவை இதே பதிலைச் சொன்னவன்தான். மூன்றாம் தடவை போய்வந்து சொன்ன பதில் யாருக்கும் புரியவில்லை. "டஸ்கலூசா போனேன். கால்பந்து பார்த்தேன்" என்றேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்த்தார்கள். ஆகவே விவரமாகச் சொல்லிவிடுகிறேன். சொன்னபிறகு நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

என் மகன் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் என்ற ஊரில் இருக்கிறான். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்தான்; அங்கேயே வேலை; அங்கேயே வீடு. அந்த ஊரில் கல்லூரிக் கால்பந்து என்பது விளையாட்டு அல்ல, கிட்டத்தட்ட ஒரு மதம். கால்பந்து என்று பெயரே தவிர, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நம் சடுகுடுவும் நில ஆக்கிரமிப்பு வழக்கும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் 6 புள்ளி. கடிகாரத்தில் 60 நிமிட ஆட்டம்; நம் கணக்கில் மூன்றரை மணி நேரம்.

டென்னசிக்குப் பரம வைரி பக்கத்து அலபாமா. இரண்டு பல்கலைக்கழகங்களும் ஆண்டுக்கொரு தடவை மோதுவதற்கு 'அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை' என்றே பெயர். வென்றவர்கள் ஆட்டம் முடிந்ததும் சுருட்டுப் பிடிப்பது 1960களிலிருந்து வழக்கம். தொடர்ந்து 15 ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்த டென்னசி, 2022ல் நாக்ஸ்வில்லில் 52-49 என்று கடைசி நொடியில் ஜெயித்தபோது, ரசிகர்கள் மைதானத்தில் புகுந்து கோல் கம்பத்தைப் பெயர்த்துக்கொண்டுபோய் டென்னசி ஆற்றில் போட்டார்கள். மறு ஆண்டு ஆட்டம் அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவில். 2023 அக்டோபர் 21.

"அப்பா, நாலு டிக்கெட் எடுத்துட்டேன். நீங்களும் அம்மாவும் வரீங்க" என்றான் மகன். டிக்கெட் விலையை டாலரில் கேட்டு, மனசுக்குள் ரூபாயாகப் பெருக்கி, வாயை மூடிக்கொண்டேன். என் மனைவிக்கு வேறு கவலை. நவராத்திரி நடுவில் கொலுவுக்கு யார் விளக்கேற்றுவது? மருமகள் பக்கத்துத் தெருத் தமிழ்க் குடும்பத்தில் சொல்லி வைத்தாள். ஒரு பெரிய டப்பா நிறைய கொண்டைக்கடலைச் சுண்டலும், புளியோதரையும் கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை கிளம்பினோம்.

மறுக்க வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஏன் மறுக்கவில்லை என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1997 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. மகனுக்கு அப்போது 12 வயது. கீழ்வீட்டு பாரிசால் குடும்பத்தோடு பழகி அவன் ஈஸ்ட் பெங்கால் பைத்தியம். ஒரு வாரம் கெஞ்சினான். நான் கூட்டிப்போகவில்லை. 1980 ஆகஸ்டு 16ல் இதே இரு அணிகள் ஈடன் கார்டனில் மோதியபோது கலவரத்தில் 16 ரசிகர்கள் மாண்டதை நான் மறக்கவில்லை என்பது ஒரு காரணம். அது நியாயமான பயம்தான். ஆனால் உள்ளே இன்னொரு காரணமும் இருந்தது: இது அவர்கள் ஆட்டம், நமக்கென்ன வேலை? அன்று 1,31,000 பேர் கூடினார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. என் மகன் மாடிப்படியில் உட்கார்ந்து கீழ்வீட்டுக் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

நாக்ஸ்வில்லிலிருந்து டஸ்கலூசா ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இங்கிருந்து பூரிக்குப் போகிற தூரம். சட்டனூகா தாண்டி, ஜார்ஜியாவின் ஒரு மூலையைத் தொட்டுவிட்டு, அலபாமாவுக்குள் நுழைந்ததும் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ள வேண்டும். டஸ்கலூசாவில் ஆட்ட நாளில் அறை கிடைக்காது என்பதால் வழியில் பர்மிங்ஹாமில் தங்கினோம். இந்தத் தங்கல் இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

பர்மிங்ஹாம் 1871ல் இரும்புக்காகவே பிறந்த ஊர். இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்த அதிசயம். 1882ல் தொடங்கி 1971ல் மூடிய ஸ்லாஸ் ஊதுலையை இன்று காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மலைமேல் 56 அடி உயரத்தில் வல்கன் என்ற ரோமானிய நெருப்புக் கடவுளின் வார்ப்பிரும்புச் சிலை. துர்காபூர், ஜாம்ஷெட்பூர் நண்பர்கள் பார்த்தால் சொந்த ஊர்போல் இருக்கும். ரயில்வே கணக்குப் பிரிவில் 34 ஆண்டு இரும்புச் சாமான் பில்களை மட்டுமே பார்த்தவனுக்கு, அந்தத் துருப்பிடித்த ஊதுலையின் அடியில் நின்றது ஒரு தரிசனம்தான்.

அங்கிருந்து 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போனோம். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை 10.22க்கு அங்கே நிறவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. எதிரே கெல்லி இங்ரம் பூங்கா. அதே ஆண்டு மே மாதம், சம உரிமை கேட்டு ஊர்வலம் வந்த பள்ளிப் பிள்ளைகள்மீது தீயணைப்புக் குழாயையும் நாயையும் ஏவிவிட்ட இடம் அது. நடைபாதையின் இரு பக்கமும் பாயும் நாய்களைச் சிலையாக வடித்திருக்கிறார்கள். அவற்றின் நடுவே நாம் நடந்து போக வேண்டும். என் மனைவி பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊர்ச் சிறையில் இருந்துதான் மார்ட்டின் லூதர் கிங் அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். அதற்கு நான்கு ஆண்டு முன்னால், 1959ல் அவர் காந்தி பிறந்த மண்ணைப் பார்க்க இந்தியா வந்து கன்னியாகுமரி வரை போனவர். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நடுவே அவரை, 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர்' என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்தாராம். முதலில் அதிர்ந்துபோனதாகவும், யோசித்தபின் அது உண்மைதான் என்று பட்டதாகவும் கிங்கே பின்னால் சொல்லியிருக்கிறார். ஆட்டம் பார்க்கக் கிளம்பி இதையெல்லாம் யோசிப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை டஸ்கலூசா. அங்கே ஓடும் ஆற்றுக்குக் 'கறுப்பு வீரன்' என்று பெயர். ஊரின் பெயருக்கும் சாக்டா என்ற பூர்வகுடி மொழியில் அதே அர்த்தம்தான். ஒரு பழங்குடித் தலைவனின் பெயர். பல்கலைக்கழகத் திடல் முழுக்கக் கூடாரம். அடுப்பு, இறைச்சிப் புகை, இசை. எங்கும் கருஞ்சிவப்பு. நடுவில் நாங்கள் நான்கு பேர் ஆரஞ்சு நிறத்தில். டென்னசிக்கு ஆரஞ்சுதான் நிறம் என்று மகன் கேட்டுக்கொண்டதால் என் மனைவி ஆரஞ்சு சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள். ஓர் அம்மாள் தொட்டுப் பார்த்து, "சேலை ரொம்ப அழகு. நிறம்தான் சரியில்லை" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நாங்கள் சைவம் என்று தெரிந்ததும் எங்கிருந்தோ சோள ரொட்டியும் சர்க்கரை போட்ட குளிர்ந்த தேநீரும் வந்தன. என் மனைவி சுண்டல் டப்பாவைத் திறந்தாள். பத்து நிமிடத்தில் டப்பா காலி.

அந்தக் கூடாரத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெரியவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பேத்தி இந்தப் பல்கலைக்கழக பாண்டு வாத்தியத்தில் ஊதுகொம்பு வாசிக்கிறாள். "சின்ன வயசுல நான் இந்தப் பக்கம் வந்ததில்ல. வெளியே நின்னு சத்தத்த மட்டும் கேப்போம்" என்றார். பிறகு, "ஃபாஸ்டர் அரங்கம் பாத்தீங்களா? பாத்துட்டு உள்ள போங்க" என்றார்.

போனோம். சாதாரணச் செங்கல் கட்டடம், வெள்ளைத் தூண்கள். 1963 ஜூன் 11ல் மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அதன் வாசலில் வழிமறித்து நின்றார், விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள் உள்ளே வரக்கூடாது என்று. குடியரசுத் தலைவர் கென்னடி மாநிலக் காவல் படையைத் தன் அதிகாரத்தின்கீழ் கொண்டுவந்தபின் நகர்ந்தார். 1965ல் மலோன் அங்கே பட்டம் வாங்கினார். அவர்களுக்கும் முன்பாக 1956ல் சேர்ந்து, கலவரக் கும்பலைக் காரணம் காட்டி வெளியேற்றப்பட்டவர் ஆதரின் லூசி. இன்று அந்த வாசலில் உள்ள முற்றத்துக்கு மலோன், ஹூட் இருவர் பெயர். மணிக்கூண்டுக்கு லூசி பெயர். தடுத்து நின்றவர் பெயரில் அங்கே எதுவும் இல்லை.

மைதான வாசலில் ஒரு சங்கடம். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டும்தான் அனுமதி. என் மனைவியின் கைப்பையோடு மகன் கார் நிறுத்திய இடத்துக்கு ஓடி வர அரை மணி ஆயிற்று. உள்ளே ஒரு லட்சம் பேர். நம் சால்ட் லேக்கில் இன்று அதில் முக்கால்வாசிகூட அடங்காது. எங்களுக்கு மேல்தட்டில் ஒரு மூலை. விருந்தாளி அணிக்கென்று ஒதுக்கிய இடம். கருஞ்சிவப்புக் கடலில் ஓர் ஆரஞ்சுச் சுளை.

பாதி ஆட்டத்தில் டென்னசி 20-7 என்று முன்னால் இருந்தது. எங்கள் மூலையில் ஒரே கூத்து. அப்போது பக்கத்துப் பகுதியில் ஓர் இளைஞன் எழுந்து எங்களைப் பார்த்துக் கை நீட்டி, "உங்க ஊருக்குப் போங்கடா!" என்று கத்தினான். எனக்கு உடம்பு விறைத்துப்போனது. வேற்றூரில் காலம் தள்ளிய எவருக்கும் அந்த வாக்கியம் எங்கே போய்க் குத்தும் என்று தெரியும். நான் மகனைப் பார்த்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, அவன் டென்னசிக்குப் போன்னு சொல்றான்."

திரும்பவும் அந்த இளைஞனைப் பார்த்தேன். அவன் கை நீட்டியது எங்கள் ஆரஞ்சுத் தொப்பியைப் பார்த்து; முகத்தைப் பார்த்து அல்ல. என் மகன் அதற்குப் பதிலாக எழுந்து டென்னசியின் பாட்டைப் பெருங்குரலில் பாடினான். அவனுக்கு ஊர் எது என்பதில் சந்தேகமே இல்லை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. ஒரு பக்கம் நெஞ்சில் ஏதோ அடைத்தது. நான் கொல்கத்தாவுக்கு 1974ல் வந்தவன். யாராவது "உங்க ஊர் எது?" என்றால் இன்றைக்கும் மாயவரம் என்கிறேன். அங்கே எனக்கு இப்போது வீடு கிடையாது.

இரண்டாம் பாதியில் டென்னசி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 34-20. அலபாமாவுக்காரர்கள் சுருட்டுப் பற்றவைத்தார்கள். புகையில் இருமிக்கொண்டே படி இறங்கினோம். காலையில் சுண்டல் சாப்பிட்ட குடும்பம் வழியில் பிடித்துக்கொண்டது. "அடுத்த வருஷம் உங்க ஊருக்கு நாங்க வரோம், கடலைய மறக்காதீங்க" என்றார்கள். மறுநாள் ஊர் திரும்பும் முன் மவுண்ட்வில் போய், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன் பூர்வகுடிகள் கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய மேடுகளையும் பார்த்தோம். அலபாமா ரசிகர்கள் கூடப் பலர் அதைப் பார்த்ததில்லையாம். உள்ளூர்க்காரர்கள் என்றால் எங்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மாணவர்கள் மண்டையை மோதிக்கொள்ளும் ஆட்டம் அது; மூளைக்குக் கேடு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அன்றைய அலபாமாப் பயிற்சியாளரின் ஆண்டுச் சம்பளம் ஒரு கோடி டாலருக்கும் மேல். எந்தப் பேராசிரியருக்கும் கனவில்கூட வராத தொகை. நான் ஆட்டத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. எதிராளியின் ஊருக்குப் போவதற்கு வக்காலத்து வாங்குகிறேன்.

திரும்பும் வழியில் மகன் ஒன்று சொன்னான். ஈஸ்ட் பெங்கால் 1920ல் தொடங்கிய கிளப். பிரிவினையில் எல்லாம் இழந்து கிழக்கிலிருந்து வந்தவர்கள் 'இது எங்களுடையது' என்று பற்றிக்கொண்ட கிளப். 1949 முதல் சில ஆண்டுகள் அதன் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரை 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளிகள் இன்றும் கொண்டாடுகிறார்கள்: வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள்! 49 ஆண்டுகள் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது தெரியாது. நாக்ஸ்வில்லில் இருக்கும் என் மகனுக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கேதான் நம் சங்கத்துக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் கணியன் பூங்குன்றனாரின் அந்த வரியைப் பெரிய எழுத்தில் மேடைக்குப் பின்னால் எழுதி வைக்கிறோம். விழா முடிந்ததும் கோடை விடுமுறைக்குக் கோரமண்டலில் இடம் பிடிக்க ஓடுகிறோம். சங்கச் சுற்றுலா என்றால் பேலூர், தட்சிணேசுவரம், மிஞ்சினால் பூரி. மல்ல அரசர்கள் சுட்ட மண்ணில் கட்டிய விஷ்ணுபூர்க் கோயில்களை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? புதுச்சேரியைப்போலவே பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த சந்தன்நகர் லோக்கல் ரயிலில் போகிற தூரம்தான்; போயிருக்கிறோமா? முர்ஷிதாபாத்? ஒரு ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் ஆட்டம்? நாம் இந்த ஊரை ஒரு ரயில் நிலையக் காத்திருப்பு அறையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த அறையிலேயே பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேறு ரயிலேறிப் போய்விட்டார்கள்.

"இப்படியெல்லாம் கலந்தால் பிள்ளைகள் தமிழை மறந்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் டஸ்கலூசாவில் நான் கண்டது வேறு. எதிராளி மைதானத்துக்குப் போன ஆரஞ்சு கருஞ்சிவப்பாக மாறிவிடவில்லை. தங்கள் ஊரில் முணுமுணுக்கும் பாட்டை அங்கேதான் தொண்டை கிழியப் பாடினார்கள். நம் நிறம் என்ன என்பதே அடுத்தவர் திடலில் நிற்கும்போதுதான் தெரிகிறது. "செலவு" என்பார்கள் இன்னும் சிலர். விஷ்ணுபூருக்கு டாலர் தேவையில்லை.

அமெரிக்கா போகும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல ஆசை. சமையலறைக்கும் பேரப்பிள்ளை தொட்டிலுக்கும் நடுவே ஆறு மாதத்தைக் கழித்துவிட்டு வராதீர்கள். பிள்ளைகள் எதைப் பார்த்துக் கத்துகிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று ஒரு நாளாவது கூடப்போய்ப் பாருங்கள். அவர்கள் வாழும் ஊரின் பழைய காயங்களையும் பாருங்கள். நயாகரா எங்கும் போய்விடாது.

2024 அக்டோபர் 20, ஞாயிறு. விடியற்காலை நாலரை மணி சுமாருக்குத் தொலைபேசி அடித்தது. இந்த வயதில் அந்த நேரத்தில் மணி அடித்தால் வயிறு கலங்கும். எடுத்தேன்.

"அப்பா, 24-17. ஜெயிச்சுட்டோம்" என்றான். பின்னால் ஒரே இரைச்சல்.

"சுருட்டுப் பிடிச்சியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. "ஒண்ணே ஒண்ணு" என்றான்.

அடுத்த முறை அவன் கொல்கத்தா வரும்போது சால்ட் லேக்கில் ஆட்டம் இருந்தால் நானே டிக்கெட் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். சங்கச் செயற்குழுவினர் இந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கட்டும். விஷ்ணுபூரோ, சந்தன்நகரோ, கால்பந்து மைதானமோ, எதுவாக இருந்தாலும் சரி. முதல் இரண்டு பெயராக என் பெயரையும் என் மனைவி பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். சுண்டல் எங்கள் பொறுப்பு.